ஸ்பானிய மொழியில் 'வுவெல்தா': எந்த இடத்தில் என்ன பொருள்?

நெல்லை வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்பானிஷ் இடைநிலைப் பாடம் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரே பாடத்துக்குள் 'வுவெல்தா' என்ற பெயர்ச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு இடத்திலும் வேறு பொருள். 'தார் ஊனா வுவெல்தா' என்றால் காலாற நடந்துவிட்டு வருவது. 'எஸ்தோய் தே வுவெல்தா' என்றால் திரும்பி வந்துவிட்டேன். கடையில் 'கேதேசே கோன் லா வுவெல்தா' என்றால் மீதிச் சில்லறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் செய்தியில் 'செகூந்தா வுவெல்தா' என்றால் இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு.

அகராதியைத் திறந்தால் பட்டியல் முடிவேனா என்கிறது. மனப்பாடம்தான் வழியா, இல்லை உள்ளே ஏதாவது ஒரு நூல் ஓடுகிறதா? அந்த நாடுகளில் இருப்பவர்கள் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்.

மொழிப்பித்தன்:

நூல் நிச்சயமாக ஓடுகிறது. 'வொல்வேர்' என்ற வினை உங்களுக்குத் தெரியும், திரும்பி வருவது. அதன் இறந்தகால எச்சம் 'வுவெல்தோ'. அதைப் பெண்பாலாக்கிப் பெயர்ச்சொல்லாக நிறுத்தினால் 'வுவெல்தா'. ஸ்பானிஷில் இப்படிப் பிறந்த பெயர்கள் ஏராளம்: போவதிலிருந்து 'ஈதா', வெளியேறுவதிலிருந்து 'சலீதா', நுழைவதிலிருந்து 'எந்த்ராதா', சாப்பிடுவதிலிருந்து 'கொமீதா'. எல்லாமே ஒரு செயல் நடந்து முடிந்ததைக் குறிக்கிற பெயர்கள்.

இன்னும் பின்னால் போனால் லத்தீனில் 'வொல்வெரே' என்ற வினை வரும். அதற்குச் சுருட்டுவது, உருட்டுவது, சுழற்றுவது என்று பொருள். பழைய காலத்துப் புத்தகம் சுருளாக இருந்ததால்தான் ஐரோப்பிய மொழிகளில் நூலின் ஒரு தொகுதிக்கு 'வால்யூம்' என்ற பெயர் வந்தது. அதே வேர்தான். சுழன்றால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வோம். அதனால் 'சுழல்வது', 'திரும்புவது' இரண்டும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. நீங்கள் சொன்ன நான்கையும் இப்போது பாருங்கள். நடக்கப் போனவர் வீட்டுக்குத் திரும்புகிறார், பயணம் போனவர் ஊருக்குத் திரும்புகிறார், கொடுத்த பணத்தில் ஒரு பகுதி கைக்குத் திரும்புகிறது, வாக்காளர் வாக்குச்சாவடிக்குத் திரும்புகிறார்.

மாட்ரிட்வாசி:

வேர் பற்றி மொழிப்பித்தன் சொன்னது அருமை. ஆனால் தெருவில் பேசுகிறவருக்கு வேர் மட்டும் போதாது. இந்தச் சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதைச் சுற்றி நிற்கிற சின்னச் சொற்கள்தாம். 'தார்' என்ற ஒரே வினையோடு நான்கு விதமாக வரும், நான்கும் வேறு.

'தார் ஊனா வுவெல்தா' என்று 'ஊனா' சேர்ந்தால் உலா. நடந்தும் போகலாம், காரிலும் போகலாம். சாயங்காலமானால் மாட்ரிட்டில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள்.

'தார் லா வுவெல்தா' என்று 'லா' சேர்ந்தால் ஒன்றைப் புரட்டுவது, அல்லது ஒன்றை முழுதாகச் சுற்றி வருவது. சட்டையை உள்பக்கம் வெளியே திருப்புவதும் இதுதான், உலகைச் சுற்றி வருவதும் இதுதான்.

'தார்சே லா வுவெல்தா' என்றால் நாமே உடம்பைத் திருப்புவது. யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்போமே, அது.

'தார் வுவெல்தாஸ்' என்று பன்மையாக, முன்னால் எதுவும் இல்லாமல் வந்தால் ஓயாமல் சுற்றுவது. மின்விசிறி சுற்றுவதும், தூக்கம் வராமல் கட்டிலில் புரள்வதும், வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் தெருத்தெருவாக அலைவதும் இதில் அடங்கும். ஒரே விஷயத்தை மனதுக்குள் உருட்டிக்கொண்டிருப்பவரிடம் 'நோ லே தேஸ் மாஸ் வுவெல்தாஸ்' என்பார்கள். அதையே நினைத்துக்கொண்டிருக்காதே, விடு என்று அர்த்தம்.

முதலில் இந்த நான்கையும் பிடித்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. மற்றவை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

சாந்தியாகோவாசி:

மாட்ரிட்வாசி சொன்னது ஸ்பெயினுக்குச் சரி. அட்லாண்டிக்கைத் தாண்டினால் அந்தச் சின்னச் சொற்களே மாறிவிடும்.

இங்கே சிலியிலும், பக்கத்தில் அர்ஜென்டினாவிலும் 'லா' பல இடங்களில் விழுந்துவிடும். பக்கத்தைப் புரட்டுவதை ஸ்பெயினில் 'தார் லா வுவெல்தா ஆ லா பாஹினா' என்பார்கள், இங்கே 'தார் வுவெல்தா லா பாஹினா'. மெக்சிகோவில் 'தார் வுவெல்தா ஆ லா தெரேச்சா' என்றால் வலது பக்கம் திரும்புவது. ஸ்பெயினில் வழி சொல்கிறவர் அதற்கு 'ஹிரார்' என்ற வினையைப் போடுவார், அர்ஜென்டினாக்காரர் 'தொப்லார்' என்பார்.

சில்லறையும் அப்படித்தான். ஸ்பெயினில் 'லா வுவெல்தா', பன்மையில் 'லாஸ் வுவெல்தாஸ்', இல்லையென்றால் 'காம்பியோ'. இங்கே ஆண்பாலில் 'எல் வுவெல்தோ'. மெக்சிகோவில் 'காம்பியோ' நன்றாகவே ஓடும். கொலம்பியாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் 'லா தெவுவெல்தா' என்று கேட்கலாம். சாந்தியாகோ கடையில் 'லா வுவெல்தா' என்றால் புரிந்துகொள்வார்கள், ஆனால் இவர் ஸ்பெயினில் படித்தவர் என்று உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் 'தே வுவெல்தா'. ஸ்பெயினில் 'திரும்பி வந்து'. அர்ஜென்டினாவின் புவெனோஸ் ஐரெஸிலும் உருகுவேயின் மொந்தெவிதேயோவிலும் அதற்கு 'மறுபடியும்' என்றும் பொருள் உண்டு. அங்கே ஒருவர் 'யோவியோ தே வுவெல்தா' என்றால் மறுபடி மழை பெய்தது என்கிறார்.

தேர்தல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்டிருந்தீர்கள். சிலியில் முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வாக்கு கிடைக்காவிட்டால் முதல் இரண்டு பேர் மட்டும் 'செகூந்தா வுவெல்தா'வுக்குப் போவார்கள். 2021 நவம்பர் 21இல் முதலிடம் பிடித்தவர் ஹொசே அந்தோனியோ காஸ்த். டிசம்பர் 19இல் நடந்த இரண்டாம் சுற்றில் ஜெயித்தவர் கப்ரியேல் போரிச். அர்ஜென்டினாவில் கணக்கு வேறு. 1994 அரசியலமைப்புத் திருத்தத்தின்படி 45 சதவீதத்துக்கு மேல் வாங்கினாலோ, 40 சதவீதம் வாங்கி அடுத்தவரைவிடப் பத்துப் புள்ளிக்கு மேல் முந்தினாலோ முதல் சுற்றிலேயே முடிந்துவிடும். அங்கே இரண்டாம் சுற்றை 'பலொதாஹே' என்றும் சொல்வார்கள். மெக்சிகோவில் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு இரண்டாம் சுற்றே கிடையாது, அதிக வாக்கு வாங்கியவர் ஜெயித்தவர்.

மிதிவண்டிப் பிரியன்:

இவ்வளவு பேசியும் 'லா வுவெல்தா' என்று தனியாகச் சொன்னால் ஸ்பெயினில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவதை யாரும் தொடவில்லையே! ஸ்பெயினைச் சுற்றி வரும் சைக்கிள் பந்தயம். முழுப்பெயர் 'வுவெல்தா ஆ எஸ்பான்யா'.

1935இல் 'இன்ஃபொர்மசியோனெஸ்' என்ற நாளிதழ் தொடங்கியது. முதல் வெற்றியாளர் பெல்ஜியத்துக்காரர் குஸ்தாஃப் தெலோர். அடுத்த ஆண்டும் அவரே. அதன்பின் உள்நாட்டுப் போரால் நின்று 1941இல் மறுபடி நடந்தது. 1955இலிருந்து ஆண்டு தவறாமல் நடக்கிறது. முதலில் வசந்தத்தில் நடந்ததை 1995இல் கோடைக்கடைசிக்கு மாற்றினார்கள். இந்தப் பந்தயத்தின் குணமே அந்த மாற்றத்தால் மாறியது என்பது என் கருத்து. ஜூலையில் பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் சறுக்கியவர்கள் அந்த ஆண்டையே மீட்டுக்கொள்ள வருகிற இடமாக இது ஆகிவிட்டது. முன்னணியில் இருப்பவருக்கு 2010இலிருந்து சிவப்புச் சட்டை.

மொழி பற்றிய இழை என்பதால் ஒன்று. மூன்று பெரிய பந்தயங்களின் பெயரும் ஒரே பொருள்தான். இத்தாலியில் 'ஜீரோ', பிரான்ஸில் 'தூர்', ஸ்பெயினில் 'வுவெல்தா', மூன்றுமே நாட்டைச் சுற்றி வருவது. கொலம்பியாவுக்கும் சொந்தமாக ஒரு வுவெல்தா உண்டு, 1951இல் தொடங்கியது. ஆண்டிஸ் மலைச் சாலைகளில் ஏறிப் பழகிய அந்த நாட்டுக்காரர்களுக்கு அதன்மேல் இருக்கும் பாசம் சாதாரணமானது அல்ல.

நெல்லை வாசகி:

மாட்ரிட் அண்ணா, அந்த நான்கு வகையையும் நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். சாந்தியாகோக்காரருக்கும் ரொம்ப நன்றி.

படிக்கப் படிக்க ஒன்று தோன்றுகிறது. நம்முடைய 'சுற்று' கிட்டத்தட்ட இதே வேலையைத்தானே செய்கிறது? தலை சுற்றுகிறது, ஊர் சுற்றுகிறான், சுற்றி வளைத்துப் பேசுகிறான், இரண்டாம் சுற்று. அப்படியானால் 'சுற்று' வருகிற இடத்திலெல்லாம் துணிந்து 'வுவெல்தா' போடலாமா?

பார்சலோனா அக்கா:

பாதி தூரம் போகலாம் தங்கச்சி, அதற்குமேல் போகாதீர்கள்.

தலை சுற்றுவதற்கு 'மே தா வுவெல்தாஸ் லா கபேசா', அப்படியே பொருந்தும். சுற்றி வளைக்காமல் நேராகச் சொல் என்பதற்கு 'சின் வுவெல்தாஸ்' இருக்கிறது, அதுவும் பொருந்தும். மைதானத்தை மூன்று சுற்று ஓடினேன் என்றால் 'த்ரேஸ் வுவெல்தாஸ்'. கழுத்தில் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாலும் வுவெல்தாஸ்தான். ஆனால் குத்துச்சண்டையின் ஒரு சுற்று 'அசால்தோ'. பேச்சுவார்த்தையின் ஒரு சுற்று 'ரோந்தா'. மேசையில் இருக்கும் எல்லோருக்கும் ஒருவர் குடிக்க வாங்கிக் கொடுத்தால் அதுவும் 'ரோந்தா'. சீட்டாட்டத்தில் என் முறை வந்தால் 'தூர்னோ'. அங்கெல்லாம் வுவெல்தா போட்டால் கேட்பவர் ஒரு நொடி விழிப்பார்.

மறுபக்கமும் இருக்கிறது. மீதிக்காசை நாங்கள் யாழ்ப்பாணத்தில் 'மிச்சக்காசு' என்போம், நீங்கள் 'சில்லறை', 'பாக்கி' என்பீர்கள். இரண்டிலும் சுற்றும் இல்லை, திரும்புவதும் இல்லை.

மொழிப்பித்தன் தம்பியோடு எனக்கு ஒரு விஷயத்தில் உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும் ஒரே வேரிலிருந்து இழுத்துவிடலாம் என்பது போலச் சொல்கிறார். 'போனேர் தே வுவெல்தா இ மேதியா' என்ற தொடரை எடுங்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ஒன்றரைச் சுற்றில் வைப்பது'. உண்மையான பொருள் ஒருவரைக் கண்டபடி திட்டித் தீர்ப்பது. வேரை மட்டும் வைத்துக்கொண்டு இதை ஊகிக்கவே முடியாது. 'எஸ்தார் தே வுவெல்தா தே தோதோ' என்பதையும் பாருங்கள். எல்லாவற்றிலிருந்தும் திரும்பி வந்துவிட்டவர், அதாவது எல்லாம் பார்த்துச் சலித்து இனி எதிலும் ஆர்வமில்லாதவர். 'எஸ்தார் தே வுவெல்தா' என்று நிறுத்தினால் ஊர் திரும்பியவர், 'தே தோதோ' சேர்த்தால் வாழ்க்கையில் சலித்தவர். இவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் கற்க வேண்டும்.

மொழிப்பித்தன்:

அக்கா, 'திட்டித் தீர்ப்பது' விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அது உறைந்துபோன தொடர், அப்படியே விழுங்க வேண்டியதுதான். ஆனால் 'எல்லாவற்றிலிருந்தும் திரும்பி வந்தவர்' என்பதில் படம் தெளிவாகவே இருக்கிறதே? நாம் இப்போதுதான் கிளம்புகிற இடத்துக்கு அவர் எப்போதோ போய்த் திரும்பிவிட்டார். இனி அவருக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது? படம் கண்ணில் பட்டுவிட்டால் தொடர் மறக்காது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

'நோ தியேனே வுவெல்தா தே ஓஹா' என்ற தொடரும் அப்படித்தான். 'ஓஹா' என்றால் தாள். புரட்டிப் பார்க்கத் தாளுக்கு மறுபக்கம் இல்லை, விஷயம் முடிந்தது, ஐயத்துக்கு இடமில்லை. எனக்கு ஸ்பானிஷிலேயே மிகப் பிடித்த தொடர்களில் ஒன்று இது. 'லா வீதா தா மூச்சாஸ் வுவெல்தாஸ்' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாழ்க்கை பல சுற்றுச் சுற்றும், இன்று மேலே இருப்பவர் நாளை எங்கே இருப்பாரோ என்று சொல்வது.

மாட்ரிட்வாசி:

மொழிப்பித்தன் படம் என்றதும் சமையலறைதான் நினைவுக்கு வருகிறது. 'தார் லா வுவெல்தா ஆ லா தோர்தீயா'. ஸ்பெயின் தோர்தீயா முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கனமான பண்டம். தோசையைப் போலக் கரண்டியால் திருப்ப முடியாது. வாணலியின் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் தலைகீழாக்கி, பிறகு தட்டிலிருந்து மறுபடி வாணலிக்குள் சரிக்க வேண்டும். தயங்கினால் எல்லாம் அடுப்பின் மேல். தோற்றுக்கொண்டிருந்தவர் நிலைமையை அடியோடு மாற்றிவிட்டால் இதே தொடரைத்தான் சொல்வார்கள். அந்தத் திருப்பலைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று விளங்கும். இறைச்சி பரிமாறும் உணவகத்துக்குப் போனால் 'வுவெல்தா இ வுவெல்தா' என்று ஒன்று உண்டு, நல்ல சூட்டில் இரண்டு பக்கமும் சட்டென்று வாட்டி எடுப்பது, உள்ளே சிவப்பாகவே இருக்கும்.

காளைப்போரிலும் இந்தச் சொல் இருக்கிறது. எனக்கு அந்த விளையாட்டில் விருப்பமில்லை, ஆனால் செய்தி படிக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நன்றாக ஆடிய வீரர் அரங்கை ஒரு சுற்று வந்து கைதட்டு வாங்குவது 'வுவெல்தா அல் ருவேதோ'. வீரத்தோடு போரிட்ட காளைக்கும் அந்த மரியாதை உண்டு. தலைமை வகிப்பவர் நீலக் கைக்குட்டையைத் தொங்கவிட்டால், இறந்த காளையைக் கோவேறு கழுதைகள் அரங்கைச் சுற்றி இழுத்துச் செல்லும்.

ஆகஸ்ட் வந்தால் கடைகள் எங்கும் 'வுவெல்தா அல் கோலே' பலகை. பள்ளிக்குத் திரும்புவது. விபத்துச் செய்தியில் 'வுவெல்தா தே கம்பானா' வந்தால் வண்டி குட்டிக்கரணம் அடித்தது என்று பொருள்.

கால்பந்துக்காரன்:

'ஈதா இ வுவெல்தா' பற்றி நான் எழுதுகிறேன். போக்கு, வரவு. பயணச்சீட்டில் இருவழிச் சீட்டு. (மெக்சிகோவில் இதற்கு 'வியாஹே ரெதோந்தோ', வட்டப் பயணம் என்பார்கள்.) கால்பந்தில் இரண்டு அணிகள் இரண்டு முறை மோதினால் முதல் ஆட்டம் 'ஈதா', இரண்டாவது 'வுவெல்தா'. 2017இல் பாரிஸில் நடந்த ஈதாவில் பார்சலோனா அந்த ஊர் அணியிடம் 4–0 என்று தோற்றது. மார்ச் 8 அன்று சொந்த மைதானத்தில் நடந்த வுவெல்தாவில் 6–1 என்று ஜெயித்து மேலே போனது.

இதைவிட விசித்திரம் தென்னமெரிக்க கால்பந்துக் கழகங்களின் 2018 லிபெர்தாதோரெஸ் கோப்பை இறுதி. போகாவும் ரிவெரும் புவெனோஸ் ஐரெஸ் அணிகள். ஈதா போகா மைதானத்தில் 2–2 சமன். வுவெல்தா ரிவெர் மைதானத்தில் நடக்க வேண்டியது. போகா வீரர்கள் வந்த பேருந்து தாக்கப்பட்டதால் கடல் கடந்து மாட்ரிட்டுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 9இல் ரிவெர் 3–1 என்று ஜெயித்தது. அடுத்த ஆண்டிலிருந்து அந்தக் கோப்பைக்கு ஒரே இறுதி ஆட்டம்தான், வுவெல்தா கிடையாது. என்னைப் பொறுத்தவரை அது பெரிய இழப்பு. இரண்டு ஊரும் மாறி மாறி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததுதான் அந்தக் கோப்பையின் உயிர்.

கோப்பை வாங்கிய அணி மைதானத்தைச் சுற்றி வருவது 'வுவெல்தா ஒலிம்பிகா'. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் சுவிட்சர்லாந்தை 3–0 என்று வென்ற உருகுவே அணி கொலோம்ப் மைதானத்தைச் சுற்றி வந்து மக்களுக்கு வணக்கம் சொன்னதிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பார்கள்.

சாந்தியாகோவாசி:

ஆற்று வளைவுக்கும் வுவெல்தா என்று பெயர் உண்டு. அர்ஜென்டினாவில் பரானா ஆறு வளைகிற ஓரிடம் 'வுவெல்தா தே ஒப்லிகாதோ'. 1845 நவம்பர் 20 அன்று ஆங்கிலேய, பிரெஞ்சுக் கப்பல்கள் ஆற்றில் ஏறி வந்தபோது அர்ஜென்டினாக்காரர்கள் ஆற்றின் குறுக்கே சங்கிலி கட்டித் தடுத்தார்கள். போரில் கப்பல்கள் தடுப்பை உடைத்து மேலே போய்விட்டன, ஆனால் எதிர்ப்பு மறக்கப்படவில்லை. அந்த நாள் இன்று தேசிய இறையாண்மை நாளாக விடுமுறை. அந்தப் பெயரில் 'திரும்பி வருவது' என்று யாராவது மொழிபெயர்த்தால் தவறு, அது வெறும் வளைவு.

இந்தப் பக்கத்து ஊர்களில் 'வீவோ ஆ லா வுவெல்தா' என்று ஒருவர் சொன்னால், தெரு முனையில் திரும்பினால் என் வீடு என்று பொருள். மற்றபடி 'ஆ லா வுவெல்தா' திரும்பி வரும்போது என்றும் ஆகும். எது என்பது பேச்சிலிருந்துதான் தெரியும்.

போகோட்டாவில் இருந்தவள்:

கொலம்பியாப் பொருளைச் சொல்லாமல் விட்டால் இந்த இழை முழுமையாகாது. அங்கே 'தெங்கோ கே அசேர் ஊனாஸ் வுவெல்தாஸ்' என்றால் எனக்குச் சில வெளிவேலைகள் இருக்கின்றன என்று அர்த்தம். வங்கிக்குப் போக வேண்டும், ஏதோ அலுவலகத்தில் ஒரு தாளில் முத்திரை வாங்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும், எல்லாம் சேர்ந்து வுவெல்தாஸ். உலாப் போகிறார் என்று நினைத்து 'நானும் வருகிறேன்' என்றால் நாள் முழுக்க வரிசையில் நிற்க வேண்டியதுதான். பாருங்கள், வினை இங்கே 'தார்' அல்ல, 'அசேர்'. ஒருமையில் 'லா வுவெல்தா' என்று சில தெருக்களில் சொன்னால் சட்டத்துக்குப் புறம்பான வேலையையும் குறிக்கும். அதனால் புதிதாகப் போகிறவர்கள் காதில் வாங்கி வைத்துக்கொண்டால் போதும், வாயில் வேண்டாம்.

நெல்லை வாசகி:

கடைசியாக இரண்டு சந்தேகம். உச்சரிப்பு 'வு'வா, 'பு'வா? அப்புறம் 'வுவேலோ'வும் இதே குடும்பமா?

பார்சலோனா அக்கா:

எழுத்து 'வ' என்றாலும் ஸ்பானிஷில் பல்லும் உதடும் சேர்கிற 'வ' ஒலி கிடையாது. பேச்சின் தொடக்கத்தில் வந்தால் இரண்டு உதடும் ஒட்டி, 'அம்பு' என்று சொல்லும்போது வருகிற 'பு'வைப் போல வரும். 'லா வுவெல்தா' என்று உயிரொலிக்குப் பின்னால் வந்தால் உதடுகள் நெருங்கும், ஒட்டாது. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

'வுவேலோ' வேறு குடும்பம். அது பறப்பதைக் குறிக்கும் 'வொலார்' வினையிலிருந்து வந்தது, விமானப் பயணம். இரண்டும் சேர்ந்து 'வுவேலோ தே வுவெல்தா' என்று வரும்போது திரும்பும் விமானம். அடுத்த பாடத்தில் விமான நிலைய உரையாடல் இருந்தால் அநேகமாக இது வரும். வந்தால் அந்த வாக்கியத்தை அப்படியே இங்கே போடுங்கள், முன்னால் 'லா' இருக்கிறதா, 'தே' இருக்கிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.